உப்பளத்தில் புள்ளி, கோரிமேட்டில் குரல்

குமரன் அனுப்பிய பொட்டலம் இன்று மதியம் வந்தது. பிரித்ததும் புதுச் சாயத்தின் நெடி அறை முழுக்க ஏறிவிட்டது. கறுப்பு டீ-ஷர்ட். முதுகில் நீ ஆட்டத்தில் வைத்திருந்த பெயர். நெஞ்சில், அதைவிடப் பெரிய எழுத்தில், உன் வாசகம்: அங்கயே கெட. காலாப்பட்டுப் பக்கம் ஒரு கல்லூரி விழாவில் கைப்பேசி ஆட்டப் போட்டி வைத்திருக்கிறார்கள். உன் நினைவாக இதைப் போட்டுக்கொண்டு நம் அணி ஆடப்போகிறதாம். சட்டையை நான் மடித்துக்கூட வைக்கவில்லை, அதற்குள் அவனிடமிருந்து போன்.

"எப்படி இருக்கு? அவ பாத்திருந்தா இன்னா சொல்லியிருப்பா?"

"எழுத்து கோணலா இருக்குன்னு சொல்லியிருப்பா."

"அதான்! அதேதான்!" என்று சிரித்தான். பிறகு குரல் கம்மியது. "அவ பேச்சுலயே எனக்கு ரொம்பப் புடிச்சது இதுதான். அதான் நெஞ்சுல போட்டேன்."

அந்தச் சொல்லை உன் காதில் கடைசியாகப் போட்டவன் தான்தான் என்பது அவனுக்கு நினைவிருக்கிறது. அதில் அவனுக்குப் பெருமைகூட. எங்கே கிடந்தவளிடம் அதைச் சொன்னான் என்பது மட்டும் தெரியாது. எனக்குத் தெரியும். நீ போன பிறகு அவனிடம் அதைச் சொல்லிவிட வேண்டும் என்று எனக்குக் கட்டளை போட்டுவிட்டுப் போயிருக்கிறாய். சொல்வதா, வேண்டாமா? சட்டை மடியில் கிடக்கிறது. உனக்கு எழுதிப் பார்க்கிறேன்.

ஆட்டத்தில் குரல் இல்லாத நாட்களிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அப்போது நீ நல்லவளாக இருந்தாய். கல்லூரியில் ஒரே வகுப்பில் இருந்த நாம் நால்வரும் படிப்பு முடிந்ததும் நான்கு பக்கம் சிதறினோம். குமரன் பாகூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் டவுனுக்கு வந்து, போன் பழுதுபார்க்கும் கடையில் உட்கார்ந்தான். ரஃபீக் அவன் அத்தாவின் இரும்புக் கடையில். நீ உப்பளத்து வீட்டில் வேலைக்கு மனுப்போட்டபடி. நான் என் அறையில் நூலகப் புத்தகங்களோடு. சாயங்காலமானால் நால்வரும் போனில் ஒரு தீவில் குதிப்போம். கடைசிவரை சாகாத அணி ஜெயிக்கும். அடிபட்டவன் உடனே சாகமாட்டான். தரையில் விழுந்து தவழ்வான். கூட்டாளி ஓடிப்போய்ப் பக்கத்தில் குந்தித் தூக்கிவிட்டால் பிழைப்பான். விட்டால் போவான். 'தூக்கு' என்பதுதான் நாம் அதிகம் எழுதிய சொல்.

எழுதிய சொல் என்றேன். அப்போது கட்டைவிரலால் தட்டித்தான் பேச வேண்டும். ஓடிக்கொண்டே தட்ட முடியாது, நின்று தட்டினால் சுட்டுவிடுவான். "பின்னாடி ஆள்" என்று குமரன் தட்டி அனுப்பிய எச்சரிக்கை, அந்த ஆளே குமரனைக் கொன்ற பிறகு நம் திரையில் வந்து நின்றது ஞாபகம் இருக்கிறதா? அதனால்தான் நீ தீவின் இடங்களுக்கு நம் ஊர்ப் பெயர்களை வைத்தாய். தெற்கே கப்பல் பெட்டிகள் அடுக்கிய துறைமுகம் உப்பளம். நடுவே ஊரை இரண்டாக வெட்டும் கால்வாய், பெரிய வாய்க்கால். வடக்கே கடலோரமாகப் போகும் சாலை காலாப்பட்டு. மேற்கு ஓரத்தில் பாழடைந்த ஆஸ்பத்திரிக் கட்டடம் இருந்ததே, அது கோரிமேடு. ஒரு சொல் தட்டினால் போதும், நால்வருக்கும் இடம் தெரிந்துவிடும். வேற்றூர்க்காரன் தலையைப் பிய்த்துக்கொள்வான்.

அந்த நாட்களில் உன் எழுத்தில் ஒரு கனிவு இருந்தது. கோபத்தில் ஏதாவது தட்டத் தொடங்குவாய். மூன்று புள்ளிகள் துடிப்பது எனக்குத் தெரியும். பிறகு அவை அணைந்துவிடும். வருவது "பரவால்ல" என்று மட்டும். எதை அழித்தாய் என்று நான் யோசித்ததே இல்லை.

பிறகு ஆட்டத்தில் குரல் வந்தது. இனி அணியோடு பேசிக்கொண்டே ஆடலாம், ஒற்றுமை கூடும் என்று திரையில் ஓர் அறிவிப்பு. கூடியதும் உண்மைதான். நாம் ஜெயிக்க ஆரம்பித்தோம். ஆனால் குரலோடு வீடுகளும் உள்ளே வந்தன. குமரன் பேசினால் பின்னால் மாடு கத்தும், "சோத்த தின்னுட்டு ஆடேன்டா" என்று அவன் அம்மா. ரஃபீக் பேசினால் ஆணிக்குப் பேரம். உன் பக்கம் மட்டும் துடைத்துவிட்டாற்போல அமைதி, நடுவில் நீ.

ரஃபீக் வராத ஒரு நாள் அவன் இடத்தில் முகம் தெரியாத ஒருவனை ஆட்டமே சேர்த்துவிட்டது. உன் குரல் கேட்டதும் அவனுக்குக் குஷி.

"அய்ய, பொண்ணா! அக்கா, அடுப்புல பால் பொங்குது பாரு, போ போ."

"பொங்கட்டும் முசே" என்றாய். உன் வீட்டுப் பெரியவர்களிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழைய பிரெஞ்சு மரியாதைச் சொல் அது. உன் வாயில் அது அறைவது மாதிரி இருக்கும்.

கொஞ்ச நேரத்தில் அவன் விழுந்தான். "அக்கா, தூக்குங்கக்கா, ப்ளீஸ்க்கா." நீ ஓடிப் போனாய். பக்கத்தில் போய் நின்றாய். குந்தவில்லை.

"அங்கயே கெட. பால் பொங்கிடுச்சான்னு பாத்துட்டு வரேன்."

கிட என்பது நம் ஊர் வாயில் கெட என்றுதான் வரும். கெட்டுப்போ என்பதும் அதற்குள் இருப்பதை அன்றுதான் கவனித்தேன். அவன் கெஞ்சிக் கெஞ்சி உன் காலடியில் செத்தான். குமரன் ஊளையிட்டான். நான் என் அறையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அத்தனை இனிப்பாக இருந்தது அது.

அந்த இனிப்பு உனக்குப் பழகிவிட்டது. அடுத்த வாரமே அது நம் பக்கம் திரும்பியது. குமரன் விழுந்து "தூக்குடி, பக்கத்துலதான நிக்கிற!" என்று கத்தினால், "அங்கயே கெட. சேத்துல கெடந்து வளந்தவன்தான நீ" என்பாய். ரஃபீக்கிடம், "அங்கயே கெட. உங்கத்தா ரெண்டு ஆணி அடிச்சு நிமுத்துவாரு." அவர்கள் சிரித்தார்கள். முதலில் நிஜமாக, பிறகு சிரிக்காவிட்டால் இன்னொன்று விழும் என்பதற்காக. உன் நாக்குக்குப் பயந்தே அவர்கள் விழாமல் ஆடக் கற்றுக்கொண்டார்கள். எழுதிய காலத்தில் அழித்த சொற்களையெல்லாம் நீ சேர்த்துத்தான் வைத்திருந்தாய் போலிருக்கிறது.

நான் மைக்கைத் திறந்ததே இல்லை. நீங்கள் மூவரும் பேசுவதைக் கேட்பேன். எதிரி தெரிந்தால் வரைபடத்தில் குறி வைப்பேன். உன் அகராதியில் நான் ஊமச்சி ஆனேன்.

"ஏய் ஊமச்சி, வாயில இன்னா, கொழுக்கட்டையா?"

"அவள விடேன்" என்றான் ரஃபீக். "அவளுக்கு இஷ்டமில்ல."

"இஷ்டமா? சாயங்காலமானா அவங்கப்பா கடைக்குப் போயிட்டு வந்து பாட ஆரம்பிச்சிடுவாரு. எந்தக் கடைன்னு கேக்காத. இவ மைக்க போட்டா கச்சேரி நமக்கும் ஓசியில கேக்கும்."

குமரன் மூக்கால் ஒரு சிரிப்பை அடக்கினான். சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா அப்போது பாடிக்கொண்டுதான் இருந்தார். அதை உலகத்தில் நீ ஒருத்திதான் அறிவாய். மழைக்கு ஒதுங்கி என் வீட்டில் தங்கிய அன்று கேட்டாய், மறுநாள் ஒன்றும் கேட்காதவள் போலக் காபி குடித்தாய். அந்த மரியாதைக்காகவே உன்னை நான் நேசித்தேன். அந்த ரகசியத்தை எடுத்து இரண்டு பேருக்கு மிட்டாய் மாதிரி நீட்டினாய்.

நான் ஆட்டத்தை விட்டுப் போகவில்லை. உன் முதுகுக்குப் பின்னால் ஒருவன் ஊர்ந்து வந்துகொண்டிருந்தான், குறி வைத்தேன். நீ திரும்பிச் சுட்டாய். "தேங்க்ஸுடி" என்றாய், ஒன்றுமே நடக்காத மாதிரி. நான் நிறைய வாசிப்பவள். கொடியவர்களுக்கு அழகாகக் காரணம் கற்பிக்கும் பக்கங்கள் எனக்குத் தெரியும். உனக்காக அப்படி ஒன்றைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. நீ ஆடும் விதம் எனக்குப் பிடித்திருந்தது. அதற்காக இருந்தேன்.

அப்புறம் நீ அடிக்கடி வராமல் போனாய். வேலை கிடைத்துவிட்டது என்றாய். வந்த நாட்களில் குரல் கம்மிப்போயிருந்தது. "இன்னா தலைவி, கெழவி ஆயிட்ட?" என்று குமரன் கேட்டான். சளி என்றாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம். நால்வரும் தீவில் குதித்தோம். மற்ற மூவரும் பெரிய வாய்க்காலைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தோம். நீ எங்களோடு வரவில்லை என்று குமரன் கவனித்தான்.

"தலைவி, எங்க இருக்க?"

"நான் கோரிமேட்டுல இருக்கேன்" என்றாய். "யாராச்சும் வரீங்களா?"

நீ எதையும் கேட்டுப் பழகாதவள். அப்படிப்பட்டவள் கேட்டுவிட்டாய். குமரனுக்கு இத்தனை நாள் காத்திருந்த பந்து கைக்கு வந்தது.

"அங்கயே கெட!"

ரஃபீக் போட்ட சிரிப்பில் கடைக்கு வந்திருந்த யாரோ "இன்னா தம்பி?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. நீயும் சிரித்தாய். சிரிப்பு இருமலாகி நீண்டது. "சரிதான் முசே" என்றாய். "சரிதான்." மைக் அணைந்தது. அவர்கள் ஓடிக்கொண்டே இருந்தார்கள்.

குரல் வந்த நாளிலிருந்து அவர்கள் இருவரும் வரைபடத்தைப் பார்ப்பதையே விட்டிருந்தார்கள். காதில் கேட்டால் போதும் அவர்களுக்கு. ஊமச்சி பார்த்துக்கொண்டிருந்தாள். நீ நிற்கும் இடத்தைக் காட்டும் உன் புள்ளி மேற்கு ஓரத்து ஆஸ்பத்திரியில் இல்லை. தெற்கே, உப்பளத்தில், ஒரு கப்பல் பெட்டியின் நிழலில் அசையாமல் நின்றது. புள்ளி உப்பளத்தில், வாய் கோரிமேட்டில். அப்போதுதான், நீ இருமிய இடைவெளியில் உன் பின்னால் ஒரு பெண் கடுகடுத்தது மண்டையில் ஏறியது: "கட்டிலுக்கு அடியில யார் செருப்பும்மா இது? எடுங்க." எந்த ஆட்டத்திலும் யாரும் செருப்பை எடுக்கச் சொல்வதில்லை. நீ சொன்னது நிஜக் கோரிமேட்டை, பெரிய ஆஸ்பத்திரியை.

போனைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். விழுப்புரத்திலிருந்து வருகிறவர்கள் எக்ஸ்ரே உறைகளை மார்போடு பிடித்தபடி நின்றார்கள். வார்டு வார்டாகக் கேட்டு வந்தால் நடையில் உன் அம்மா. "நீ வருவேன்னு அவ சொல்லவே இல்லையேம்மா" என்றவர், உள்ளே ஒருவரைத்தான் விடுவார்கள் என்று சொல்லி என்னை அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனார். ரத்தத்தில் புற்று என்பதை அந்த நடையில் வைத்துத்தான் சொன்னார்.

தலையில் முடி இல்லை. போர்வைக்குள் நீ இருப்பதே தெரியவில்லை. என்னைப் பார்த்ததும் நீ கேட்ட முதல் கேள்வி:

"ஆட்டம் இன்னா ஆச்சு?"

"தெரியல. விட்டுட்டு வந்துட்டேன்."

"லூசு. ஜெயிக்கிற ஆட்டம்டி அது." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாய். "எப்படிக் கண்டுபுடிச்ச?"

"உன் புள்ளி உப்பளத்துல நின்னுது."

சிரித்தாய். "ரெண்டு கழுதையும் மேப்ப பாக்கவே இல்ல, பாத்தியா?"

"நேரா போன் பண்ணிச் சொல்லியிருக்கலாம்ல?"

மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். "நேரா கூப்ட்டு, வரலன்னா?"

இத்தனை வருடத்தில் நஞ்சு தடவாமல் நீ பேசிய ஒரே வாக்கியம் அது. அதையும் உடனே துடைத்தாய். "உன் மூஞ்சப் பாத்தா இங்க இருக்கறவங்களுக்கு நோவு ஜாஸ்தியாவும். கெளம்பு." நான் கிளம்பாததைப் பார்த்து, "உனக்குக் குரல் நல்லாத்தான் இருக்கு. வீணாக்கிட்ட" என்றாய்.

நான் அதன்பின் பல நாள் வந்தேன். அப்பாவைப் பற்றி நீ சொன்னதற்கு ஒரு வார்த்தை வருத்தம் சொல்வாய் என்று ஒவ்வொரு நாளும் எதிர்பார்த்தேன். ஒருநாள் நீயாகவே அந்தப் பேச்சை எடுத்தாய்.

"உங்கப்பா இன்னும் பாடுறாரா?"

"பாடுறாரு."

"சுருதி சேந்துதா?"

அவ்வளவுதான். அடுத்த கட்டில் ஆயா திரும்பிப் பார்க்கும்படி நாம் சிரித்தோம். எனக்குச் சேரவேண்டியதை நீ தரவே இல்லை.

தந்தது வேறொன்று. உடம்பு இன்னும் மோசமான பிறகு, குமரனுக்கும் ரஃபீக்குக்கும் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன்.

"இப்ப சொல்லாத. வந்து நின்னு மூக்கச் சிந்துவானுங்க, சகிக்காது. நான் போனப்புறம் சொல்லு. குமரன்கிட்ட மட்டும், தனியா. 'அவ நெஜமாவே கோரிமேட்டுலதான் கெடந்தா, வரீங்களான்னு கேட்டா, நீ அங்கயே கெடன்னு சொன்ன.' இப்படியே சொல்லு. ஒரு வார்த்த மாத்தாத."

"அது உன் வசனம்தானடி. அவன் உங்கிட்டதான் கத்துக்கிட்டான்."

"அதான் சொல்றேன். என் சாமான எடுத்து என்மேலயே வீசுவானா? உறைக்கட்டும்."

"சாவப்போற நேரத்துல உனக்கு இதுவா?"

"சாவப்போறதால என்ன, மதர் தெரசாவா ஆயிடணுமா?" கண்ணை மூடிக்கொண்டாய். "சத்தியம் பண்ணு."

நான் செய்யவில்லை. பாக்கலாம் என்றேன். நீ விளையாட்டுக்குச் சொன்னாயா என்று இன்றுவரை யோசிக்கிறேன். உன் முகம் எனக்குத் தெரியும். விளையாட்டு இல்லை.

உப்பளம் கல்லறையில் உன்னைப் புதைத்தோம். திடீரென்று காய்ச்சல் கண்டு போய்விட்டாய் என்றுதான் அவர்களிடம் உன் வீட்டில் சொல்லியிருந்தார்கள்; உன் ஏற்பாடு. உன் புள்ளி கடைசியில் உப்பளத்திலேயே நின்றுவிட்டது. ரஃபீக் மண் போட்டுவிட்டுச் சுவரோரமாகப் போய் நின்றுகொண்டான். குமரன் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"ஒண்ணே ஒண்ணு ஆறுதலுடி. கடைசியா என்கூட ஆடும்போது சிரிச்சா. நான் சொன்னதுக்குத்தான் சிரிச்சா. உனக்கும் கேட்டுதில்ல?"

"கேட்டுது" என்றேன். நீ சொல்லச் சொன்ன வாக்கியம் அப்போது பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. ஈர மண் வாடை. அவன் மூக்கு நீ சொன்னது போலவே சகிக்கமுடியாமல்தான் இருந்தது.

இதுவரை எழுதுவதற்குள் சாயங்காலமாகிவிட்டது. போட்டிக்குப் பயிற்சி என்று கூப்பிட்டார்கள். போனிலேயே சேர்ந்துகொண்டேன், முடித்துவிட்டு இப்போது தொடர்கிறேன்.

உன் இடத்தில் இனி நான்தான் என்று குமரன் முன்பே சொல்லியிருந்தான். தலைவி ஊமையாக இருக்க முடியாது. சட்டையைப் போட்டுக்கொண்டு மைக்கைத் திறந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா ஏற்கெனவே பாடத் தொடங்கியிருந்தார்.

"யாரு பாடறது?" என்றான் குமரன்.

"எங்கப்பா. குடிச்சிருக்காரு."

"மேல் ஸ்தாயில கொஞ்சம் வழுக்குது" என்றான் ரஃபீக். "மத்தபடி பரவால்ல." அப்புறம் ஆணி கேட்டு யாரோ வர, அவன் பேரத்துக்குப் போய்விட்டான். இத்தனை வருடம் நான் சுவர்போல நின்று மறைத்தது அவ்வளவில் முடிந்தது. நீ அன்று அதைப் போட்டு உடைத்தது சரிதான் போலிருக்கிறது என்ற நினைப்பு வந்தது. அதற்காக உன்மேல் இன்னும் எரிச்சல் வந்தது.

பாதி ஆட்டத்தில் குமரன் விழுந்தான். எங்கே தெரியுமா? மேற்கு ஓரத்தில்.

"ஏய், கோரிமேட்டுல விழுந்துட்டேன்! தூக்கு, தூக்கு!" நான் ஓடிப்போய் அவன் பக்கத்தில் நின்றேன். அவன் குதூகலமாக, "சொல்லு, சொல்லு! அவ மாதிரி சொல்லு!" என்றான்.

நின்றேன். அவன் தவழ்ந்துகொண்டிருந்தான், உயிர் குறைந்துகொண்டிருந்தது. நீ சொன்ன வாக்கியம் முழுதாக, ஒரு வார்த்தை மாறாமல், நாக்கின் நுனியில். மைக் திறந்திருந்தது. சொன்னால் அவன் இனி எந்த நாளும் இந்தச் சட்டையைப் போடமாட்டான். உன் சிரிப்பை நினைத்து ஆறமாட்டான். அந்த நொடியின் ருசி எனக்குப் பிடித்திருந்தது என்பதை உன்னிடம் மறைக்கவேண்டியதில்லை. நீ அந்த ருசியிலேயே குடியிருந்தவள்.

"இரு, தூக்கறேன்" என்று சொல்லிக் குந்தினேன்.

"ச்சே" என்றான் எழுந்துகொண்டே. "நீயெல்லாம் ஒரு தலைவியா?"

நான் இளகிவிட்டேன் என்று நினைக்காதே. அவனைக் காப்பாற்ற நான் யார்? நீ கேட்டது ஒன்றே ஒன்று: உன் வார்த்தையைத் தூக்கிக்கொண்டு போய் அவனிடம் சேர்க்கவேண்டும். அது இப்போது என் காலடியில் கிடக்கிறது, தூக்குடி, பக்கத்துலதான நிக்கிற என்று உன் குரலிலேயே கெஞ்சுகிறது. நான் பக்கத்தில்தான் நிற்கிறேன். எங்கேயும் போகமாட்டேன். நின்றுகொண்டே தூக்காமலிருப்பது எப்படி என்பதை நான் உன்னிடம்தான் பார்த்தேன்.

அங்கயே கெட.